கை மாறிய கட்டு

"இடது பக்கம், போட்டுக்கிறவரோட இடது, ரெண்டாவது பட்டன் இல்ல. காலர்ல மஞ்சக் கறை. பாத்துக்குங்க." சலவைக்கடை மேசையில் கோட்டை விரித்து, சீட்டில் எழுதுகிறார் பெரியவர். வந்தவர் அவசரப்பட்டால், "நில்லுங்க சார், நாளைக்கு நீங்க என்னைத்தான் கேப்பீங்க" என்பார். எழுதியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மேசையைச் சுற்றிவந்து, எதிர்ப்பக்கம் நின்று இன்னொரு முறை சரிபார்ப்பார். நாற்பது வருடமாக இந்தச் சுற்று.

அதற்கு முன் சினிமாவில் கன்டினியூட்டி பார்த்தவர். ஒரு ஷாட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே சட்டை மடிப்புகூட மாறாமல் குறித்துவைக்கும் வேலை. கடைசியாகச் செய்தது ஓர் உளவாளிப் படம். பளபளக்கும் காரோ பறந்தடிக்கும் சண்டையோ கிடையாது. அழுக்கு அறையில் ஓர் ஒற்றன் தூக்கமில்லாமல் காத்திருப்பான். ஒரு வாரம்கூட ஓடவில்லை.

அதில் ஒற்றனின் கையிலுள்ள காயக்கட்டு இடதிலிருந்து வலதுக்குத் தாவும். படப்பிடிப்பில் தானும் கண்மூடாத மூன்றாம் நாள், எதிரே நின்ற நடிகரின் கையைத் தன் பக்கத்தை வைத்து எழுதிவிட்டார் பெரியவர். தெரியவந்தபோது செட்டைப் பிரித்தாயிற்று. தயாரிப்பாளர் குதித்தார். "நான்தான் கவனிக்கல" என்று பழியை ஏற்றுக்கொண்டார் இயக்குநர். அவருக்கு அடுத்த படம் கிடைக்கவேயில்லை.

இப்போது இளைஞர்கள் அந்தப் படத்தைக் கொண்டாடுகிறார்கள். கட்டு மாறுவதால் காயமே பொய், அவன் இரு பக்கமும் வேலைசெய்தவன் என்று விளக்கம் வேறு. பெரியவரையும் பேச அழைத்திருந்த மறுதிரையிடலுக்கு முந்தின நாள், மறைந்த இயக்குநரின் மகள் கடைக்கு வந்தார். "அங்கிள், அப்பா யோசிச்சு வெச்சதுன்னு மட்டும் சொல்லுங்க. அவருக்குன்னு கெடச்ச ஒரே நல்ல பேரு."

அவர் போனதும் பெரியவரின் மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்திவைத்தார். "சொல்லிட்டு வாங்களேன். உங்க மானமும் மிஞ்சும்."

"பாக்கறேன்."

"பாத்துப் பாத்துத்தான் இடுப்பு போச்சு."

படம் முடிந்து விளக்கு எரிந்ததும் ஒருவர் கேட்டேவிட்டார்: கட்டை மாற்றும் யோசனை யாருடையது?

பெரியவர் மைக்கை வாங்கினார். "யோசனையெல்லாம் இல்லீங்க. அது தப்பு. நான் பண்ணது. டைரக்டர் பாவம், தன் தலையில போட்டுக்கிட்டாரு."

தன்னடக்கம் என்று நினைத்த கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. போதும் என்று கையை உயர்த்தினார், சத்தம் கூடியது. முதல் வரிசையில் இயக்குநரின் மகள் மட்டும் எழவில்லை. அவர் பக்கம் திரும்பி, பெரியவர் கைகூப்பினார்.