தம்பியை ஓநாயாக எழுதியவள்

கப்பலூரில் ரப்பர் வாஷர் செய்யும் ஒரு கம்பெனியில் தமிழ்வாணிக்கு வேலை. அச்சிலிருந்து வரும் வாஷர்களில் பிசிறும் வெடிப்பும் பார்த்து ஒதுக்குவாள். புருஷனை விட்டுப் பிரிந்து வந்தபிறகு ஒத்தக்கடையில் தாய் தங்கப்பொண்ணுவோடும் தம்பி அருண்பாண்டியோடும் இருந்தாள். தம்பி லாரி ஓட்டினான்.

மேலூர்ப் பக்கம் கல் ஏற்றப் போன இடத்தில் அவன் கெண்டைக்காலை ஒரு நாய் கடித்தது. அன்றைக்கே முதல் ஊசி போட்டுக்கொண்டான். அடுத்த ஊசிக்கான நாளில் லாரியோடு ஆந்திராவில் இருந்தான். திரும்பியபோது காயம் ஆறியிருந்தது.

"அதான் ஆறிப்போச்சுல்லக்கா" என்றான். வீட்டில் எல்லோரும் மறந்துபோனார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டீ கிளாசை வாயருகே கொண்டுபோனவனுக்குத் தொண்டை இறுகியது. கிளாசை வீசி எறிந்தான். ஃபேன் காற்று பட்டாலே உடம்பு தூக்கிப்போட்டது. என்னவென்று அவனுக்கே புரிந்துவிட்டது. அம்மாவை வெளியே கூட்டிப்போகச் சொல்லிவிட்டுப் பின்னறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான்.

"கதவத் தெறக்கச் சொல்லாதக்கா. என்னையறியாம உன்னைய எதாச்சும் பண்ணிருவேன்."

ஆம்புலன்ஸ் வரும்வரை தமிழ்வாணி கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, இருக்கியா?"

"இருக்கேன்டா."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டான். மறுபடி சொன்னாள். மூன்றாம் தடவை வந்தது அவன் குரலாக இல்லை. அடிவயிற்றிலிருந்து கரகரத்து, கதவின் கீழ் இடுக்கை ஒட்டி வந்தது. "அக்கா." தமிழ்வாணி வாயைப் பொத்திக்கொண்டாள். தன்னை மீறிப் பின்னால் நகர்ந்து சுவரில் முதுகு இடித்து நின்றாள். அதன்பிறகு அவன் கூப்பிடவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். வயது இருபத்தொன்பது.

துக்கம் கேட்க வந்த பக்கத்து வீட்டு இருளாயி, குரலைத் தாழ்த்தி, "நாய் மாதிரியே குரைச்சானாமே, நெசமா?" என்றாள்.

"என்னையத்தான் கூப்பிட்டான்" என்றாள் தமிழ்வாணி.

தெரு நம்பவில்லை. நகம் நீண்டதாம், கண் மஞ்சளாய் எரிந்ததாம் என்று நாளுக்கு நாள் கதை வளர்ந்தது. அந்தக் கதையைத் தானே எழுதிவிட வேண்டும் என்று அவளுக்கு எப்போது தோன்றியதோ, சொல்லத் தெரியவில்லை. மாட்டுத்தாவணியில் பஸ் ஏறியதும், கம்பெனியில் கழித்துப்போட்ட சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினாள். குலுங்கும் பஸ்ஸில் நீளமாக எழுத முடியாது. சின்னச் சின்ன வரிகளாக வந்தது. நாய் என்று எழுதக் கை வரவில்லை. அந்தச் சொல்லைத் தெரு எச்சில் பண்ணியிருந்தது. ஓநாய் என்று எழுதினாள். கல்குவாரியில் கடிபட்ட லாரி டிரைவர் ஒருவன் பௌர்ணமிதோறும் ஓநாயாகிறான். விடிந்ததும் வெட்கத்தோடு வீடு திரும்புகிறான்.

கதவுக்கு அந்தப் பக்கம் என் தம்பி
இந்தப் பக்கம் நான்
நடுவில் ஒரு தாழ்ப்பாள்
போட்டது அவன்
திறக்காதே என்று
வேண்டிக்கொண்டது நான்

அந்த இடத்தில் நின்றுபோனது. எட்டு மாதம் ஒரு வரி ஓடவில்லை. கம்பெனியில் அச்சு மெஷின் காற்றை விடும்போதெல்லாம் "அக்கா" என்று கேட்டது. ஒருநாள் மதியம் மெஷினெல்லாம் நின்றிருந்த சாப்பாட்டு வேளையிலும் கேட்டது. கையில் பிசைந்த சோற்றோடு, "இருக்கேன்டா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டாள். பக்கத்தில் சாப்பிட்டவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று திரும்பும் பஸ்ஸில் முடிவை எழுதினாள். அதில் அக்கா பதில் சொல்கிறாள். தாழ்ப்பாள் திறக்கிறது. ஓநாய் அவள் கையை முகர்ந்துவிட்டுக் கண்மாய்க் கரையேறிப் போய்விடுகிறது.

கோரிப்பாளையத்தில் டைப் அடித்துத் தரும் ஹம்சவேணி, தனியாக இருக்கையில் பயந்து, கடையில் வேறு ஆள் இருக்கும்போது மட்டுமே அந்தப் பக்கங்களைத் தொட்டாள். கடைசிப் பக்கத்தை முடித்ததும் கேட்டாள்: "அந்த அக்கா பயப்படவே இல்லையேம்மா, எப்படி?"

"பயந்தா. அத எழுதல."

புத்தகமாக முந்நூறு பிரதி அச்சானது. எழுத்துத் தெரியாத தங்கப்பொண்ணு, தனக்கு வாசித்துக் காட்டச் சொன்னாள். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. கண்மாய்க் கரையில் கதை முடிந்தபோது அவள் அழவில்லை.

"அப்ப அவன் இன்னும் அங்கிட்டுத்தான் திரியுறானா?"

"அது கதைம்மா."

"எம்புட்டு நாளாச்சு. பசிக்கும்ல அவனுக்கு."

அன்றிலிருந்து சாயங்காலம் விளக்கு வைத்ததும் கறிக்குழம்போ ரசமோ, இருப்பதை ஊற்றிப் பிசைந்த சோற்றைக் கொல்லைச் சுவருக்கு வெளியே வைக்கிறாள். காலையில் தட்டு துடைத்ததுபோல் இருக்கிறது. தெருநாய்கள் தின்கின்றன என்று தமிழ்வாணிக்குத் தெரியும். தட்டை எடுத்துக் கழுவுபவள் அவள்தான். என்ன வந்து தின்கிறது என்று மட்டும் இதுவரை அவள் எட்டிப் பார்த்ததில்லை.