ஆள் இல்லாத வீடு

இரண்டாயிரத்துக்குப் பிறகு இரண்டு மூன்று வருஷம் கழித்து நடந்தது. ஐப்பசி மழைக் காலம். ஆரணியில் எங்கள் வீட்டின் பின்கட்டு இடிந்து விழுந்தது.

அப்போது நான் ஊரில் இல்லை. வேலூரில் ஆஸ்பத்திரியில் இருந்தேன். மனைவிக்கு வயிற்றில் கட்டி. ஆபரேஷன் முடிந்தும் காய்ச்சல் விடவில்லை. போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. துணைக்கு நான்தான். ராத்திரியில் வராந்தாவில் துண்டை விரித்துப் படுப்பேன்.

அவள் வலி என்று சொன்னதில்லை. ஒன்றுதான் கேட்பாள். எப்போது வீட்டுக்குப் போகலாம்? டாக்டரைக் கேட்பாள். நர்ஸைக் கேட்பாள். பெருக்க வரும் அம்மாவையும் கேட்பாள்.

வீட்டில் அவளுக்கு ஓர் இடம் உண்டு. பின்கட்டில் ஜன்னல் ஓரம். அங்கே ராட்டையோடு உட்கார்ந்து எனக்குக் குறுக்கே ஓட்டும் ஊடைநூல் சுற்றித் தருவாள். முன்னறையில் என் தறி. நடுவில் ஒரு சின்ன அறை. தறிச் சத்தம் நின்றால் அங்கிருந்தே, "இன்னா, தூங்கிகினு இருக்கீங்களா?" என்பாள். பகல் முழுக்க எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

ஒருநாள் எதிர் வீட்டு அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவளைப் பார்த்துப் பேசிவிட்டு என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார். காற்றில் பக்கத்துத் தோட்டத்துத் தென்னை சாய்ந்து எங்கள் பின்கட்டின் மேல் விழுந்துவிட்டதாம். கூரையும் போச்சு, சுவரும் போச்சு. பகலில் விழுந்ததால் யாருக்கும் அடி இல்லை என்றார். அவளிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார். நான் சொல்லவில்லை.

அந்த வாரமே டாக்டர், காய்ச்சல் இறங்குகிறது, இன்னும் கொஞ்ச நாளில் போகலாம் என்றார். அவள் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. எந்த வீட்டுக்குக் கூட்டிப் போவது?

கையில் இருந்ததெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. வீடு கட்டக் கடன் கொடுத்த வங்கியில் போய் நின்றேன். அங்கே இருந்தவர், கடனோடு சேர்த்து வீட்டுக்கு இன்சூரன்ஸ் போட்டிருக்கிறதே, தெரியாதா என்றார். எனக்குத் தெரியாது. அவர்கள் காட்டிய இடத்தில் நானும் அவளும் கையெழுத்துப் போட்டதோடு சரி. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அவரே எழுதி அனுப்பினார். சர்வேயர் வந்து பார்ப்பார், அதுவரை எதையும் தொடாதீர்கள் என்றார். மேஸ்திரியும், பணம் வரும் என்று தெரிந்தால் வேலையை ஆரம்பிக்கிறேன், பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

சர்வேயர் என்றதும் நிலம் அளக்கிறவர் என்று நினைத்துக்கொண்டேன். வந்தவரை நேராக எல்லைக் கல்லிடம் அழைத்துப் போனேன். அவர் சிரித்துவிட்டார். "அது வேற சர்வேயருங்க. நான் இடிஞ்சதை பார்க்க வந்தவன்."

நல்ல மனுஷர். பொறுமையாகச் சொன்னார். தீப்பிடித்தால், இடி விழுந்தால், புயல் வெள்ளத்தில் இடிந்தால் உண்டு. கறையான் அரித்து, பழசாகி விழுந்தால் கிடையாது. பக்கத்துச் சந்து வழியாகப் பின்பக்கம் போய் மரத்தின் வேரைப் பார்த்தார். காற்றுதான் சாய்த்திருக்கிறது என்றார். கட்டடத்துக்கு மட்டும்தான் எடுத்திருக்கிறது, உள்ளே இருக்கிற சாமானுக்கு இல்லை என்றார்.

"தறிக்குங்க?" என்றேன்.

"தறி சாமான்ல சேர்ந்தது."

எங்கள் தெருவில் வீடு என்றாலே தறிதான். காகிதத்தில் வேறு மாதிரி இருக்கிறது. என் தறிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் ராட்டைதான் சுவருக்கு அடியில் கிடந்தது.

அப்புறம் கேட்டார். மரம் விழுந்தபோது வீட்டில் யார் இருந்தார்கள்?

யாரும் இல்லை, நாங்கள் போனதிலிருந்து பூட்டித்தான் கிடக்கிறது என்றேன். இருந்ததைச் சொன்னேன்.

எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். தொடர்ந்து முப்பது நாளுக்கு மேல் யாரும் குடியிருக்காவிட்டால் அது ஆள் இல்லாத வீடு. அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லாமல் அப்படி விட்டிருந்தால் இன்சூரன்ஸ் நிற்காது. விதி அப்படி. ஆஸ்பத்திரி என்றாலும் அதுதான். இதைச் சொல்ல அவருக்கே கஷ்டமாக இருந்தது. நான் சரிங்க என்றேன்.

எதிர் வீட்டு அக்கா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வந்தார்.

"ஆள் இல்லன்னு யாரு சொன்னது? எம் புள்ளையும் மருமவளும் ஆள் இல்லாம இன்னா சார்?"

எனக்குப் புரியவில்லை. அக்கா என்னைப் பார்க்காமல் சர்வேயரிடமே சொன்னார். அவர் மகனுக்கு ஆவணியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. அவர்கள் வீட்டில் இருப்பது ஒரே அறை. அதிலும் இரண்டு தறி. நெய்யப் பாவு நூலை நீளமாக விரித்தால் காலை நீட்ட இடம் இருக்காது. புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் எங்கே படுப்பது?

"ஆஸ்பத்திரிக்கு போற அன்னிக்கே இவரு சம்சாரம் எங்கிட்ட இன்னொரு சாவி குடுத்துட்டு போச்சி. சின்னஞ்சிறுசுங்க இந்த வூட்ல இருக்கட்டும்னு. அன்னியிலிருந்து நடு ரூம்புலதான் இருக்குதுங்க. அங்கியே ஆக்கி, அங்கியே துன்னு."

"எங்கிட்ட சொல்லலியேக்கா" என்றேன்.

"இதையெல்லாம் உங்கிட்ட எப்படிப்பா சொல்றது?"

சர்வேயர் நம்பவில்லை. சாத்தியிருந்த நடு அறைக் கதவைத் திறந்து உள்ளே போனார். நானும் பின்னால் போனேன். எங்களுடையது அல்லாத ஒரு பாய். ஸ்டவ். கொடியில் ஒரு மஞ்சள் புடவை. சுவர்க் கண்ணாடியின் ஓரத்தில் வரிசையாக ஸ்டிக்கர் பொட்டு. என் மனைவி குங்குமம்தான் வைப்பாள். சர்வேயர் வெளியே போய்ப் பால்காரம்மாவையும் விசாரித்தார். திரும்பி வந்து என்னைக் கேட்டார்.

"நீங்க சம்மதிச்சு விட்டீங்களா?"

"இல்லீங்க. எனக்கே இப்பதான் தெரியும்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

"வீடு யார் பேர்ல இருக்கு?"

"அவ பேர்லதாங்க. மாமனார் குடுத்த மனை."

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். "அப்ப உங்க சம்மதம் எதுக்குங்க?" என்று சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார்.

சுவர் எழும்பியது. கூரையும் போட்டோம். சுண்ணாம்பு வாசனை போவதற்குள் அவளை அழைத்து வந்தேன். நேராகப் பின்கட்டுக்குப் போய்ப் புதுச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். ராட்டைக்கு இன்சூரன்ஸ் கிடையாதாம் என்றேன். "நான் ஒக்கார்ற எடத்துக்கு இருக்குது இல்ல, அது போதும்" என்றாள். ராட்டையை நானே மரம் வைத்துச் சரி செய்தேன். சாவி விஷயத்தை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சிரித்தாள்.

அவளுக்குக் கை நடுங்கும். குங்குமம் கலைந்துபோகும். அக்காவின் மருமகள் கண்ணாடியில் விட்டுப்போன ஸ்டிக்கர் பொட்டில் ஒன்றை இவள் எடுத்து வைத்துக்கொள்வாள். ராத்திரி எடுத்துக் கண்ணாடியிலேயே ஒட்டிவிடுவாள். காலையில் மறுபடி வைப்பாள். மாசிக்குள் என் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள்.

கடன் அடைந்து ரொம்ப நாள் ஆகிறது. இன்சூரன்ஸ் கட்டச் சொல்லி இப்போது யாரும் இல்லை. நான் கட்டுகிறேன். பணம் கட்டப் போகும்போது, வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று கேட்பார்கள். இருக்காங்க என்பேன். திரும்பி வந்து தறிக்குழியில் இறங்குவேன். நடுவில் கை தானாக நிற்கும். பின்கட்டிலிருந்து கேட்பாள் என்று கொஞ்ச நேரம் அப்படியே இருப்பேன். பிறகு நெய்வேன். அந்தப் பொட்டு இன்னும் கண்ணாடியிலேயே இருக்கிறது. அது இருக்கும்வரை என் வீட்டை ஆள் இல்லாத வீடு என்று என்னால் சொல்ல முடியாது.