மூன்று மொட்டையும் ஒரு பின்னலும்

நடன ஆசிரியை ஒரு பையிலிருந்து விக்கை எடுத்து மேசையில் வைத்தார். நடுவகிடு பிரித்து, படிய வாரி, இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னலோடு தயாராக இருந்தது அது. என் மகளின் அரங்கேற்றத்துக்கு இன்னும் ஆறு கிழமைதான் இருந்தது. ஒஸ்லோவின் அம்மருட்டில் எங்கள் மாடிக் கட்டடத்துக்குப் பக்கத்திலுள்ள பள்ளிக்கூட மண்டபத்தில் எட்டு வருடமாக அவள் பரதம் பழகியிருந்தாள்.

“இத மாட்டிட்டா ரெண்டு நிமிஷ வேலைங்க,” என்றார் ஆசிரியை. கணவரின் கம்ப்யூட்டர் வேலையோடு சென்னையிலிருந்து ஒஸ்லோவுக்கு வந்தவர் அவர். “ஸ்டேஜ்ல லைட் அடிக்கும்போது தலை நீட்டா, படிஞ்சு இருக்கணும். இவ முடி அப்படி உக்காராது. தப்பா எடுத்துக்காதீங்க.”

மகளுக்கு அப்போது பதினைந்து வயது. அவளுடைய தலைமயிர் தகப்பனுடையது. கறுகறுவென்று, சுருளுக்குள் சுருளாக, முகத்தைச் சுற்றி நிமிர்ந்து நிற்கும். தண்ணீரில் நனைத்து இழுத்தால் முதுகின் பாதிவரை வரும், விட்டால் காதடிக்குத் திரும்பிவிடும். அவள் விக்கைத் தொட்டும் பார்க்கவில்லை.

“விக் போட்டு நான் ஆடமாட்டன், ரீச்சர். என்ர தலையோடதான் ஆடுவன். இல்லாட்டி எனக்கு அரங்கேற்றமே வேண்டாம்.”

எனக்கு வாய் நீளம். எங்கள் சனத்துக்குள் என் வாய்க்குப் பயந்து கல்யாண வீடுகளில் என் மேசைக்கு வராதவர்களும் உண்டு. ஆனால் அன்றைக்கு முதலில் எனக்குச் சத்தம் வரவில்லை. அந்தத் தலையை முதலில் வேண்டாம் என்றது அந்த ஆசிரியை அல்ல. நான்தான்.

என் கணவர் காம்பியாக்காரர். ஒஸ்லோவில் ட்ராம் ஓட்டுகிறார். நோர்வேஜிய மொழி வகுப்பில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து பழகினோம். இன்றைக்கும் அந்த மொழியில்தான் சண்டை பிடிப்போம். கோபம் ஏறினால் அவர் தன் தாய்மொழியான மண்டிங்காவுக்குப் போவார், நான் தமிழுக்கு வருவேன். மகள் பிறந்து முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிவுக்கு மொட்டை அடித்தபோது சண்டையே வரவில்லை. அவருடைய ஊரிலும் பேர் வைக்கும் நாளில் குழந்தையின் தலையை வழிப்பார்களாம். இரண்டு ஊரும் ஒத்துப்போன விஷயம் என்று சிரித்தோம்.

இரண்டாவது மொட்டை அவளுடைய ஒன்றரை வயதில். ஒரு கல்யாண வீட்டில் தூரத்துச் சொந்தக்கார அக்கா ஒருவர் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, “முகம் நல்ல வடிவு. தலைதான் நிலம் கூட்டுற தும்புத்தடி மாதிரிக் கிடக்கு. இன்னொருக்கா மொட்டை அடிச்சு விடும், நேராய் வளரும்,” என்றார். நான் நம்பினேன். மயிர் அடர்த்தி இல்லையென்றாலும் மொட்டை, பேன் பிடித்தாலும் மொட்டை, வளரவில்லையென்றாலும் மொட்டை. எங்கள் ஆட்களிடம் தலைக்கு வேறு வைத்தியம் ஏது?

மூன்றாவது, அவளுக்கு நாலு வயதாக இருந்தபோது. அதை யாரும் சொல்லித்தரவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் நல்லெண்ணெய் வைத்து முழுக வார்த்து, காய்ந்த பிறகு வேரடியிலிருந்து பேன் சீப்பால் இழுப்பேன். பிள்ளை கத்தும். சீப்பின் பல் உடையும். ஒரு சனிக்கிழமை பொறுமை போய், கணவர் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அவர் தன் தலையை வழிக்கும் மெஷினை எடுத்தேன். இந்த முறையாவது நேராய் வரட்டும் என்று ஒரு ஆசை. உள்ளதைச் சொல்கிறேன், என் தலையைப் போல வரட்டும் என்ற ஆசை.

அவள் அழவில்லை. நான் குளியலறையைக் கூட்டத் தொடங்கியபோது ஓடிப்போய் ரொட்டி வாங்கிவந்த ஒரு பாண் பையைக் கொண்டுவந்து, நிலத்தில் கிடந்த சுருள்களையெல்லாம் இரண்டு கையாலும் பொறுக்கிப் போட்டாள். பிறகு பையை என்னிடம் நீட்டினாள்.

“அம்மா, இதை ஒட்டி விடுங்கோ.”

பின்னேரம் கணவர் வந்து பார்த்தார். மண்டிங்காவும் இல்லை, சத்தமும் இல்லை. “அது என் அக்காமாருடைய தலைமயிர்,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார். திங்கட்கிழமை பார்னஹாகே என்ற பாலர் பள்ளியில் பிள்ளைகளைப் பார்க்கும் பெண் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு, பிள்ளைக்கு ஏதும் நோயோ என்று மெதுவாகக் கேட்டாள். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. மூன்று மாதம் மகள் தன் தலையில் என் கை பட விடவில்லை. வீட்டுக்குள்ளும் கம்பளித் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு திரிந்தாள். மயிரோ, ஒரு சுருள் குறையாமல் பழையபடி முளைத்தது. என்னைவிட ரோஷக்காரி அது.

அதன் பிறகுதான் ஸ்ட்ரோம்மனில் ஒரு சிறிய தலையலங்காரக் கடைக்கு அவளைக் கூட்டிப்போனேன். கடைக்காரி கொங்கோவிலிருந்து வந்தவள், என்னைவிடப் பத்து வயது இளையவள். நான் எப்படி வாருகிறேன் என்று கேட்டாள். சொன்னேன். கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் நோர்வேஜியத்தில் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்.

“காய்ஞ்ச தலையையோ? அதுவும் அடியில இருந்தோ? பிள்ளை இன்னும் உன்னோட கதைக்குதெண்டால் அது பெரிய மனசு.”

“நாங்கள் காலங்காலமாய் எண்ணெய் வைச்சு முழுகிற ஆக்கள்,” என்றேன் ரோஷத்தோடு.

“உன்ர மயிர் நேரை கீழை போகுது, எண்ணெயும் அதோட தன்பாட்டில இறங்கும். இது சுத்திச் சுத்திப் போகுது. எண்ணெய் அடியிலயே நிண்டிடும், நுனி காஞ்சு முறியும். முதல் தண்ணி. அதுக்குப் பிறகுதான் எண்ணெய், தண்ணி ஓடிப்போகாமல் பூட்டிறதுக்கு.”

நனைக்க வேண்டும், கண்டிஷனர் தாராளமாகப் பூச வேண்டும், நாலு பங்காகப் பிரிக்க வேண்டும், அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற வேண்டும். பொறுமை இல்லாதவள் தொடக்கூடாது. எனக்குப் பொறுமை என்பது ஐந்து சதத்துக்கும் இல்லை. அந்தத் தலையில்தான் அதைப் படித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் என் முழங்கால்களுக்கு நடுவே நிலத்தில் இருப்பாள். நாலு மணித்தியாலம். தலையோடு ஒட்டி வரிவரியாகப் போகும் பின்னலை முதலில் கதிரைக் காலில் கட்டிய கம்பளி நூலில் பழகினேன். நூல் கத்தாது என்பது பெரிய வசதி.

குளிர்காலம் வேறு ஒரு கரைச்சல். ஹீட்டர் வீட்டுக் காற்றைக் காய வைக்கும், கம்பளித் தொப்பி நுனிகளை அறுக்கும். தொப்பிக்குள் வழுக்கும் துணி தைக்கச் சொன்னாள் கடைக்காரி. வழுக்கும் துணிக்கு எங்கே போக? அலுமாரியில் என் கூறைச்சேலை இருந்தது. ஒரு நாள் கட்டி, பிறகு மடிப்புக் குலையாமல் வருடக்கணக்காகக் கிடந்த சிவப்புப் பட்டு. கத்தரிக்கோலை எடுத்து முந்தானைப் பக்கமாக வெட்டினேன். கேள்விப்பட்ட சொந்தக்காரர் எனக்கு விசர் என்றார்கள். ஒஸ்லோவில் கூறைப்பட்டில் உள் தைத்த தொப்பி போட்டுப் பள்ளிக்கூடம் போன ஒரே பிள்ளை என் பிள்ளை என்று நான் எல்லாரிடமும் பெருமையடித்தேன்.

இதெல்லாம் ஞாபகம் வந்த பிறகுதான் அந்த மண்டபத்தில் எனக்குச் சத்தம் வந்தது.

“ரீச்சர், போனமுறை ஆடின பிள்ளையின்ர பின்னலும் கடையில வாங்கினதுதானே? இடுப்புக்குக் கீழை சொந்த மயிர் ஆருக்கு இருக்கு? எல்லாரும் சவுரி வைச்சுத்தானே ஆடுகினம். இவளுக்கும் நான் வைக்கிறன். ஆனால் இவளின்ர தலையில.”

ஆசிரியையின் கை தன்னையறியாமல் தன் கொண்டைக்குப் போனது. பிறகு சிரித்துவிட்டார். நல்ல மனுஷிதான், பயந்த மனுஷி.

“சரிங்க. ரெண்டு வாரத்துல முழு ஒத்திகை இருக்கு. ஜதிக்கு அவ குதிக்கும்போது ஜடை நின்னா எனக்கு ஓகே. விழுந்துச்சுன்னா விக். மேடையில ஜடை விழுந்தா அந்தப் பொண்ணுக்குத்தான் அவமானம், யோசிச்சுக்கோங்க.”

வீட்டுக்கு வரும் வழியில் மகள் சொன்னாள்: “விழுந்தால் நான் விக்கும் போடமாட்டன், ஆடவும் மாட்டன். மண்டபக்காரருக்குச் சொல்லிப்போடுங்கோ.” எட்டு வருட ஆட்டம் இப்போது என் பத்து விரலில் வந்து நின்றது.

பிஸ்கட் ரின்னுக்குள் வைத்திருந்த என் கல்யாணச் சவுரியை எடுத்தேன். வகிட்டின் இரண்டு பக்கமும் ஐந்தைந்து வரி பின்னி, பிடரியில் ஒன்றாய்க் கட்டி, அதில் சவுரியைச் சேர்த்துப் பின்னினேன். கண்ணாடியில் பார்க்க வடிவாகத்தான் இருந்தது. “குதி பார்ப்பம்,” என்றேன். முதல் குதிப்பு, இரண்டாவது. மூன்றாவதில் பின்னல் வழுக்கி, பாம்பு மாதிரி அவளுடைய காலடியில் விழுந்தது. அவள் அதைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த நாள் வேலை முடிந்த கையோடு ஸ்ட்ரோம்மனுக்கு ஓடினேன். கடைக்காரி சவுரியை விரலுக்கு நடுவே உருட்டிப் பார்த்தாள்.

“இது உன்ர தலைக்குச் செய்தது. வழுக்கும். அவளின்ர மயிர் தன்னைப் போல இருக்கிறதைத்தான் பிடிக்கும்.” சுவரில் தொங்கிய பொட்டலங்களைக் காட்டினாள். இரண்டு மூன்றில் இந்திய மயிர் என்று எழுதியிருந்தது. “பார், உங்கட பக்கத்து மயிருக்கு இஞ்சை அடிபடுகினம். நீ எங்கடையைத் தேடி வாறாய்.” இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு கொஞ்சம் சொரசொரப்பான, சுருள் ஏற்றிய கறுப்புப் பொட்டலங்கள் சிலவற்றை எடுத்துத் தந்தாள்.

வித்தை என்னவென்றால், பிடரியில் கொண்டுபோய்க் கட்டுவதே பிழை. நடுத்தலையிலிருந்தே ஒவ்வொரு வரிக்குள்ளும் மெல்லிய இழையாகச் சேர்த்துச் சேர்த்துப் பின்னிக்கொண்டு போனால், பிடரிக்கு வரும்போது பத்து வரியும் பத்து நீண்ட பின்னலாக இருக்கும். அந்தப் பத்தையும் மூன்று பங்காக்கி ஒரே பின்னலாக்கினால் பாரம் முழுத் தலைக்கும் பிரிந்துவிடும். வேரும் நோகாது. கடைக்காரி ஒரு வரி செய்து காட்டினாள். மிச்சத்தை வீட்டில் நான் செய்தேன். முடிய ஆறு மணித்தியாலம் போனது. கணவர் தேத்தண்ணி போட்டுத் தந்துகொண்டு, நான் வரி கோணினால் உடனே சொன்னார். தன் தலையில் ஒரு மயிர் இல்லாத மனுஷனுக்கு அன்றைக்கு இருந்த நுணுக்கத்தைப் பார்க்க வேண்டுமே!

ஒத்திகையன்று ஆசிரியை முதலில் பின்னலைக் கையில் பிடித்து இழுத்துப் பார்த்தார். பிறகு தாளக் கட்டையைத் தட்டத் தொடங்கினார். மகள் குதித்தாள், சுழன்றாள், உட்கார்ந்து எழும்பினாள். பின்னல் அவளோடு சேர்ந்து சுழன்று திரும்ப முதுகில் வந்து இருந்தது. ஆசிரியை கட்டையை வைத்துவிட்டு எழுந்து வந்து, தலைச்சாமான்களை வைத்துப் பார்த்தார். நெற்றிச்சுட்டியும் சூரியனும் சந்திரனும் வரிகளுக்குள் கொளுவிக்கொண்டு அசையாமல் நின்றன.

“அட, ஹேர்பின்னே வேணாம் போலிருக்கே! எனக்கு வழக்கமா ஒரு பொட்டி பின் வேணும்.” பிறகு மகளின் கன்னத்தைத் தொட்டார். “சாரிடா கண்ணா. எனக்குத் தெரியல.”

அரங்கேற்றம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் நடந்தது. முன்வரிசையில் என் கணவர் தன் ஊர் நீல அங்கியோடு இருந்தார், பக்கத்தில் கொங்கோக்காரி. மகள் மேடைக்கு வந்து, சபைக்கு முதுகு காட்டித் திரும்பினாள். பத்து வரியும் விளக்கில் மினுங்கின. அவற்றின் மேல் மல்லிகைச் சரம், இடுப்பு தாண்டி ஆடும் பின்னல், நுனியில் குஞ்சம். பின்னால் இருந்து “ஆர் கட்டினது?” என்று ஒரு குரல் கேட்டது. பழைய தும்புத்தடி அக்காவேதான். நான் திரும்பி, அரை மண்டபத்துக்குக் கேட்கச் சொன்னேன்: “நான் கட்டினனான்!”

மூன்றாம் நாள் பின்னலை அவிழ்த்தோம். வழமைபோல அவள் என் முழங்கால்களுக்கு நடுவே இருந்தாள். பின்னிக்கிடந்த நாட்களில் உதிர்ந்ததெல்லாம் அவிழ்க்கும்போது ஒன்றாக வரும். சின்னப் பந்தளவு சுருள் மயிர் சேர்ந்துவிட்டது. அவள் அதைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

“இந்தாங்கோ அம்மா, எறியுங்கோ. இதை ஒட்டத் தேவையில்லை.”

என் கை நின்றுவிட்டது. பதினொரு வருடமாக அந்தப் பாண் பையைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவரும் கதைத்ததில்லை. மறந்திருப்பாள் என்று நினைத்து, நான் மட்டும் நினைத்து நினைத்து வெந்துகொண்டிருந்தேன்.

“உனக்கு ஞாபகமிருக்கே?”

“ஓம்,” என்றாள்.

நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்த வரியை அவிழ்க்கத் தொடங்கினேன். அவள் தலையைத் திருப்பாமலே சொன்னாள்:

“அழுதுகொண்டு சிக்கெடுக்காதேங்கோ அம்மா, நோகுது.”