மழையில் நனைந்த பதினோரு ஆடுகள்

ஈர ஆட்டுமயிரின் வாடையோடு விடிந்த அந்தத் தீபாவளியன்று எங்கள் கறிக்கடையின் பின்கட்டில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, செல்வி அக்கா, நான், அப்புறம் இரவெல்லாம் மழையில் நின்ற பதினோரு ஆடுகள். இருக்க வேண்டிய ஒருவர் மட்டும் இல்லை. கொட்டகைக்குத் தார்ப்பாய் கட்டித் தருவதாக ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்த மாமா, வாலாஜாபாத்தில் மழை வலுத்துவிட்டது என்று போனில் சொல்லிவிட்டு வராமலே இருந்துவிட்டார். பழைய கீற்று பாதி காற்றில் போயிருந்தது. ஆடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்று, தலையிலிருந்து வால்வரை உடம்பைச் சிலுப்பிக்கொண்டே இருந்தன.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. அக்கா பதினொன்றாம் வகுப்பு. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான்.

ஆடு சிலுப்புவதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் பிழைப்பே அதில்தான் இருந்தது. அப்பா ஆட்டை வெட்டுவதற்கு முன் செம்பில் மஞ்சள் தண்ணீர் கரைத்து அதன் முதுகில் ஊற்றுவார். ஊற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஆடு உடம்பைச் சிலுப்பினால் அது சம்மதம் கொடுத்துவிட்டது என்று அர்த்தம். காஞ்சிபுரத்தில் எங்கள் பிள்ளையார்பாளையத்தில் அதை "உத்தரவு" என்பார்கள். உத்தரவு வராத ஆட்டை அவிழ்த்து ஓரமாகக் கட்டிவிட்டு அடுத்ததைக் கொண்டுவரச் சொல்வார். அம்மனுக்குப் பலி கொடுக்கும்போது எல்லா ஊரிலும் பார்க்கிற வழக்கம்தான். ஞாயிற்றுக்கிழமைக் கடை வியாபாரத்துக்கும் அதைப் பார்த்தவர் எனக்குத் தெரிந்து எங்கள் அப்பா ஒருவர்தான்.

அதனால்தான் எங்களிடம் "கறிச்சீட்டு" சேர்ந்தார்கள். மாதாமாதம் கொஞ்சம் பணம் கட்டினால் தீபாவளியன்று காலையில் பங்கு கறி. செத்துப்போன பெரியவர்களுக்குப் புதுத்துணியோடு கறிக்குழம்பும் வைத்துப் படைக்கிற நெசவுக் குடும்பங்கள் முப்பது, உத்தரவு கேட்டு வெட்டின கறிதான் படையலுக்கு வேண்டும் என்று எங்களை நம்பிக் கட்டியிருந்தன. பெருமாள் கோயில் இருக்கிற சின்ன காஞ்சிபுரத்துப் பக்கம் மட்டுமில்லாமல் எங்கள் தெருவிலும் புரட்டாசி மாதம் முழுக்கக் கவுச்சி கிடையாது. அந்த மாதம் கடையின் வெட்டுக்கட்டை காய்ந்து வெடித்துக் கிடக்கும். அந்தப் பட்டினி மாதத்தைத் தாண்டி, சீட்டுப் பணம் மொத்தத்தையும், பற்றாததற்குக் கடனும் வாங்கிப் போட்டு அப்பா வாங்கி வந்த ஆடுகள்தான் அந்தப் பதினொன்றும். வெட்டிக் கொடுத்துவிட்டால் கடை நிற்கும். இல்லையென்றால் திருப்பிக் கொடுக்க எங்களிடம் ஒரு ரூபாய்கூட இல்லை.

கடை முன்னால் தூக்குவாளிகளோடும் எவர்சில்வர் டப்பாக்களோடும் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். எண்ணெய்க் குளியல் முடித்த தலைகள், குடைக்குள் சீயக்காய் வாசனை. அப்பா முதல் ஆட்டின் மேல் தண்ணீரை ஊற்றினார். அது சிலுப்பியது. அப்பா அசையவில்லை. மறுபடி சிலுப்பியது. அப்பா கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னா ஏழுமல, அதான் சிலுப்பிக்கினே இருக்குதே!" என்றார் தறிக்குப் பாவு ஓட்டுகிற முனுசாமி.

"அது மழைக்கு சிலுப்புதுபா. என் தண்ணிக்கு சிலுப்பல."

"மழைத்தண்ணி வேற, உன் தண்ணி வேறயா? ரெண்டும் தண்ணிதான?"

"உங்க பெரியவங்களுக்குப் படைக்கறதுபா. எனக்கே தெரியாம ஒண்ண உத்தரவுன்னு சொல்லி எப்படிக் குடுப்பேன்?"

கூட்டத்தில் பாதி முனகியது. பாதி, அதுவும் நியாயம்தானே என்றது. அம்மாவுக்கு மட்டும் நியாயம் கேட்கிற நிலைமை இல்லை. "இந்த ஒரு நாளு கண்ண மூடிக்கினு வெட்டுய்யா. உன் கால்ல உழறேன்" என்றாள். எல்லோர் முன்னாலும் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. அப்பா தன் மேல்துண்டை அவிழ்த்து ஆட்டைத் துடைக்க ஆரம்பித்தார். அந்த மழையில் அது எங்கே காயும்?

அப்போதுதான் அக்கா சொன்னாள், "சாயப்பட்டறையில அடுப்பு மூட்டினா ஒரு மணி நேரத்துல காஞ்சிடும்பா."

எங்கள் கடைக்கு அடுத்தது பட்டுநூலுக்குச் சாயம் போடுகிற பட்டறை. நாகேஸ்வரம்மா என்கிற தெலுங்குக்கார அம்மா நடத்திவந்தார். பண்டிகை நாள், அடுப்பு அணைந்து கிடந்தது. அக்கா போய்க் கதவைத் தட்டினதும், தலையில் எண்ணெய் சொட்டச் சொட்ட எழுந்து வந்து, "ரா, ரா" என்று எங்களையும் ஆடுகளையும் ஒரே வார்த்தையில் உள்ளே கூப்பிட்டார். விறகு பிடித்துக்கொண்டது. செப்புக் கொப்பரைகளுக்கு நடுவே ஆடுகளை நிறுத்தி, நானும் அக்காவும் கிழிந்த புடவைகளால் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தோம். ஆடுகளின் மேல் ஆவி பறந்தது. மெல்ல மெல்ல நடுக்கம் நின்றது. அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவ்வளவு சந்தோஷமான முகத்தை அதற்கப்புறம் நான் அவளிடம் பார்த்ததில்லை.

முதலில் காய்ந்த கிடாவைக் குடை பிடித்து ஓட்டிக்கொண்டு வந்தோம். அப்பா செம்பைச் சாய்த்தார். கிடா ஒரு நொடி யோசிப்பதுபோல நின்று, பிறகு மேளம் அதிர்வதைப்போல உடம்பு முழுக்கச் சிலுப்பியது. கூட்டம் "ஓ" என்று கத்தியது. யாரோ ஒரு பையன் சரம் வெடிக்கப் போனான். அப்பா கத்தியை எடுத்தார். கிடா வாயைத் திறந்து கத்தியது.

அதன் நாக்கு அரக்கு நிறத்தில் இருந்தது.

நம்மூர்க் கல்யாணப் புடவையின் கரையில் வருமே, அதே அரக்கு. பட்டறையில் நாங்கள் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, வாங்கி வந்ததிலிருந்து சரியாகத் தீனி காணாத அந்த ஆடுகள் கொப்பரையின் விளிம்பையும் தரையில் தேங்கின சாயத்தையும் நக்கியிருக்கின்றன. சாயத்தில் உப்பு உண்டு, ஆடு உப்புக்கரிப்புக்கு ஆசைப்படுகிற பிராணி. எங்களுக்குத் தெரியாத விஷயமில்லை. அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை. அப்பா ஓடிப்போய் மற்ற ஆடுகளின் வாயைப் பிளந்து பார்த்தார். சிலதில் அரக்கு, சிலதில் பச்சை, இரண்டில் ஒன்றுமே இல்லை.

"சாயம் குடிச்ச ஆட்ட எங்கப்பனுக்குப் படைக்கறதா?" என்றாள் ஒரு பெண்.

"உங்கப்பன் குடிக்காததா? சாராயத்துக்கே அசராதவன், சாயத்துக்கா பயப்படப் போறான்?" என்றார் முனுசாமி. சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஒவ்வொருவராக டப்பாவை மூடினார்கள். நாக்கு வெளுப்பாக இருந்த இரண்டையாவது வெட்டித் தருகிறோம் என்று அம்மா கெஞ்சினாள். எந்த ஆடு எவ்வளவு குடித்ததோ யாருக்குத் தெரியும் என்றார்கள். அவர்கள் சொன்னது தப்பென்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. அப்பாதான் கடைசியில் கிடாவின் கயிற்றை அவிழ்த்துவிட்டு, "எல்லாருக்கும் பணம் வந்துடும். பத்து நாளு குடுங்கபா" என்றார்.

ஒரு ஆடுகூடச் சாகவில்லை. அது சாகும் இது சாகும் என்று பார்த்துக்கொண்டே இருந்தோம். தழை போட்டால் கலர் நாக்கை நீட்டி வாங்கித் தின்றுகொண்டு நன்றாகவே இருந்தன. செய்தி அதற்குள் எல்லாத் தெருவுக்கும் போய்விட்டது. வந்தவாசிப் பக்கத்து வியாபாரி ஒருவர் குறைந்த விலைக்கு ஓட்டிக்கொண்டு போனதில் கிடைத்த பணம், ஆடு வாங்கக் கூடுதலாகப் பட்ட கடனுக்கே சரியாகப் போனது. சீட்டுக்காரர்கள் தினமும் வாசலில் வந்து நின்றார்கள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை, "இன்னாமா, ரெடியா?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு நிற்பார்கள்.

பத்தாவது நாள் ஒரு தறி முதலாளி வந்தார். எங்கள் ஊரில் தறிக்கு ஆள் சேரும்போது முதலாளி "அட்வான்ஸ்" கொடுப்பார். அதைத் திருப்பிக் கட்டுகிறவரை வேறு தறிக்குப் போக முடியாது. வீட்டில் தறிக்கு உட்காரக்கூடிய கை அக்காவுடையது ஒன்றுதான். அம்மா அழவில்லை. அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஐடியா குடுத்தது நான்தானமா" என்று சொல்லிவிட்டு அக்கா சீருடையைத் துவைத்துக் கொடியில் போட்டாள். அது காய்ந்து, நெடுநாள் கொடியிலேயே கிடந்தது. அக்காவின் அட்வான்ஸில் முப்பது குடும்பத்துக்கும் பணம் போய்ச் சேர்ந்தது. நான் பள்ளிக்கூடம் போனேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் என்று என்னை இப்போது எல்லோரும் சொல்வது இப்படி வந்ததுதான்.

கறிக்கடை இருந்த இடத்தில் இன்று செல்போன் விற்கிறார்கள். பட்டறையை இடித்து மாடிவீடு கட்டிவிட்டார்கள். அப்பா ஒரு பிராய்லர் கடையில் கூலிக்கு நிற்கிறார். நிமிஷத்துக்கு ஒரு கோழி, அங்கே யாரும் உத்தரவு கேட்பதில்லை. அக்காவுக்குக் கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளைகள். அதே முதலாளியின் தறி. நான் படித்து முடித்து ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, இரண்டு வருஷம் சேர்த்த பணத்தை எடுத்துக்கொண்டு அக்காவின் அட்வான்ஸைக் கட்டிவிடப் போன மாதம் அந்த முதலாளி வீட்டுக்குப் போனேன். பையில் எழுபதாயிரம் இருந்தது. அது போதும், மிச்சம்கூட வரும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். நல்ல மனிதர், காபி கொடுத்தார். அன்றைக்கு வாங்கினது முப்பத்தாறாயிரம், அப்புறம் கல்யாணத்துக்கு, அப்புறம் இரண்டு பிரசவத்துக்கு, மாப்பிள்ளைக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று எதையும் எடுத்துப் பார்க்காமல் வாயாலேயே கூட்டிக்கொண்டு போய், என்னிடம் மரியாதையாகவே சொன்னார்: "ஒரு லட்சத்து எண்பதாயிரம், தம்பி."