ஆரோக்கியம் கொட்டிய தண்ணீர்

செவ்வாய்க்கிழமை காலை ஷிப்ட் முடிந்து வந்தவர்கள்தான் சொன்னார்கள்: மூன்று நாள் காய்ச்சலில் ஆரோக்கியம் போய்விட்டார். ஸ்டோர் வாசலில் சரக்கு வண்டி நின்றுகொண்டிருந்தது. அதை இறக்கி முடித்துவிட்டுத்தான் அவர் வீட்டுக்குப் போனேன். அழக்கூடத் தெம்பில்லை.

சுரங்கத்தில் வேலை செய்யும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். சிலருக்கு அவரைப் பிடிக்காது. தங்கம் பிரிக்கும் கொட்டகைக்குச் சயனைடு வரும் தகரப் பீப்பாய்களைக் கழுவுவது அவர் வேலை. நான் அங்கே ஸ்டோர் கிளார்க். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, ஒவ்வொன்றையும் மூன்று முறை அலசுவார். கழுவிய தண்ணீரைத் தரையில் விடாமல் கொட்டகைத் தொட்டியிலேயே ஊற்றுவார். அலசிய பீப்பாய்கள் சிலவற்றில் கொட்டகைக்கு வேண்டிய சுண்ணாம்பை நிரப்புவோம். மற்றவற்றில் யாரும் தண்ணீர் பிடிக்காதபடி அடியில் உளியால் ஓட்டை போட்டுவிடுவார். "கண்ணுக்குச் சுத்தமா இருந்தா போதுமா? வயித்துக்குள்ள போனப்புறம் இன்னா பண்றது?" என்பார்.

தண்ணீர் வற்றிய ஒரு கோடையில் அவருடைய தங்கை லூர்து வந்தாள்.

"வண்டித் தண்ணிய ரொப்பி வைக்க ஒண்ணுமே இல்லண்ணா. ஓட்டை போடாம ஒண்ணு குடு."

"கேக்காதம்மா. குடுக்க மாட்டேன்."

அவள் திரும்பிப் போய்விட்டாள். இரண்டு நாள் கழித்து, கழுவாத பீப்பாய் ஒன்று காணவில்லை. "கூரைக்குத் தகரம் வெட்ட யாராவது எடுத்திருப்பாங்க, விடுங்க" என்றேன். அந்த வெயிலில் தொழிலாளர் வீடுகள் இருக்கும் லைன் லைனாகத் தேடி நடக்க எனக்கு மனமில்லை. "நீங்க இருங்க" என்று அவர் மட்டும் போனார்.

நடந்ததை லூர்துதான் பிறகு சொன்னாள். அவள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, வாசலில், பீப்பாய் நிறையத் தண்ணீரோடு இருந்ததாம்.

"யாராச்சும் குடிச்சீங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

"இப்பத்தான் ரொப்பினோம். இன்னாத்துக்குக் கேக்கறீங்க?"

ஆடு கோழிகளை விரட்டச் சொல்லிவிட்டு, கொட்டகைத் தொட்டி வரை சுமக்க முடியாததால் ஒரு குழி வெட்டி அதற்குள் அவ்வளவையும் கவிழ்த்து மண்ணைப் போட்டு மூடினார். அந்த வீட்டுக்காரன் அவரை அறைந்தான். "குடிக்கிற தண்ணியக் கொட்டறியே, நீ மனுசனா?" ஆரோக்கியம் திருப்பி அடிக்கவில்லை. பீப்பாயைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்.

உதடு கிழிந்து வந்தவரிடம், "விஷம்னு சொல்லலையா?" என்று கேட்டேன்.

"சொன்னேன். யாரும் சாவலையே, எப்படி நம்புவாங்க?" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

அந்த லைனில் பலர் அதன்பிறகு அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அடக்கத்துக்கு அங்கிருந்து லூர்து மட்டும் வந்தாள். அவரைக் குறைசொல்ல அவர்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

அந்தக் கோடைக்குப் பிறகு, பீப்பாய் ஒன்று குறைந்தால் நானும் அவரோடு தேடப் போனேன். இனி நான் மட்டும் போக வேண்டும். அலுப்பாகத்தான் இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த நடை ஒன்றுதான். அதை விட மாட்டேன்.