பிரேசிங் அறையின் கடைசி மேசை

நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. நானாகக் கட்டிய கதை என்றால், குமுதா என்கிற என்னைக் கொஞ்சம் நல்லவளாகக் காட்டியிருப்பேன்.

மலேசியாவில், அசாம் ஜாவா பக்கம், ஏர்கான் குழாய் செய்யும் தொழிற்சாலை. பிரேசிங் அறை என் பொறுப்பு. இரண்டு செம்புக் குழாய்களைக் காஸ் தீயில் சிவக்கக் காய்ச்சி, வெள்ளி கலந்த கம்பியை இணைப்பில் வைப்போம். குழாய் உருகாது. கம்பி மட்டும் உருகி இடுக்குக்குள் ஓடிப் பிடித்துக்கொள்ளும். வேலைக்குப் புதிதாக வந்த மோகனா என்னை விட்டு நகரவே மாட்டாள்.

போன வெள்ளிக்கிழமை, மதியம் ஒன்றரை மணி. மலாய்க்காரர்கள் தொழுகைக்குப் போயிருந்தார்கள். மற்றவர்கள் சாப்பாட்டுக்கு. வெளியே நல்ல மழை. அறையில் நாங்கள் இருவர்தான். எல்லாத் தீயையும் அணைத்தாகிவிட்டது.

புஸ்ஸ்ஸ்...

கடைசி மேசையிலிருந்து வந்தது. அதைச் சுற்றிக் கறுப்புத் திரை தொங்கும். அங்கே யாரும் வேலை செய்வதில்லை.

"அக்கா, யாரோ பிரேஸ் பண்றாங்க லா."

"யாரும் இல்ல. போய்ப் பாரு."

என் கால் நகரவில்லை. அதனால்தான் அவளை அனுப்பினேன்.

திரையை விலக்கி உள்ளே போனாள். நான் திரைக்கு அடியில் பார்த்தேன். அவளுடைய சப்பாத்துக்குப் பக்கத்தில்... இன்னொரு ஜோடி கால். வெறுங்கால்.

கரண்ட் போனது.

"அக்கா..."

ஓடினேன். வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தினேன். இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே இருப்பது வெளியே வரக் கூடாது... அது மட்டும்தான் நினைப்பு.

அவள் மறுபடி கூப்பிடவில்லை.

அப்படியும் திறக்கவில்லை.

சூப்பர்வைசர் சுகுமாறன் வந்து, என் கையை விலக்கித்தான் கதவைத் திறந்தார். காஸ் நாற்றம் முகத்தில் அடித்தது. கடைசி மேசையின் ரப்பர் குழாய் பிய்ந்து கிடந்தது. சிலிண்டர் வால்வு மட்டும் இறுக்கி மூடியிருந்தது.

"ஒரு பொறி பட்டிருந்தா, இந்தப் புள்ள போயிருக்கும்," என்றார்.

அந்தக் காஸோடு சேர்த்துத்தான் அவளை உள்ளே அடைத்திருக்கிறேன்.

மோகனா நேராக வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"நல்ல வேள அக்கா, நீங்க என் கைய விடல. வால்வு எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது. நீங்கதானே இருட்டுல கூட்டிட்டுப் போயி மூட வச்சீங்க."

சுகுமாறன் என்னைப் பார்த்தார். நான் எங்கே நின்றேன் என்று அவருக்குத் தெரியும்.

தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஆனா... உங்க கை ஏன் அக்கா அப்படிச் சுட்டுச்சு?"

சட்டைக் கையை மேலே ஏற்றினாள். மணிக்கட்டைச் சுற்றி ஐந்து விரல் தடம். கொப்புளம் கட்டத் தொடங்கியிருந்தது.