நூற்றைம்பதாவது படம்

இதை நம்பியே ஆகவேண்டும் என்று நான் யாரையும் கேட்கமாட்டேன். ஆனால் இது நடந்தது. என் மனைவிக்கு, எங்கள் வீட்டுக் கூடத்தில், பட்டப்பகலில் நடந்தது. அவள் சொன்னதற்கு மேல் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டவில்லை.

அவளுடைய அக்கா இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அக்காவின் மகள், ஒன்பது வயதுக் குட்டி, எங்களோடுதான் இருந்தாள். அவள் அப்பாவுக்கு, அதாவது என் சகலைக்கு, ஏழு மணி நேரப் பயணத் தொலைவில் வேலை. ஒருநாள் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது குட்டி கேட்டாள்.

"சித்தி, அம்மாவுக்கு என்னைப் பிடிக்காதா?"

"ஏன்டி அப்படிக் கேக்குற?"

"ஒரு போட்டோலகூட என் பக்கத்துல இல்லையே."

அது உண்மைதான். வீட்டில் கேமரா அக்காவின் கையை விட்டு இறங்காது. நீயும் வந்து நில் என்று கூப்பிட்டால், "எல்லாரும் வந்து நின்னா யாருடி எடுக்கிறது? நாயா?" என்று விரட்டுவாள்.

அன்று என் மனைவி சாப்பிடவில்லை. சகலையிடம் சொல்லி கேமராவின் மெமரி கார்டை மட்டும் வரவழைத்தாள். அக்கா அழித்தது போக மிஞ்சியவை மொத்தம் 149 படங்கள். ஏதாவது ஒரு கண்ணாடியிலோ கதவு ஓரத்திலோ அக்காவும் குழந்தையும் சேர்ந்து விழுந்திருக்கமாட்டார்களா என்ற ஆசை அவளுக்கு. திரையில் பார்த்தால் கண் தப்பிவிடும், எல்லாவற்றையும் தாளில் எடுத்துப் பார்க்கவேண்டும் என்றாள். ஐம்பது தாள் கொண்ட கட்டு மூன்று வாங்கிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை. நான் வேலைக்குப் போயிருந்தேன். குட்டிக்குக் காய்ச்சல். நெற்றியில் ஈரத்துணியோடு சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தாள். மதியம் 1:15-க்கு என் மனைவி பிரிண்டரைப் போட்டாள். முதல் தாளைப் பளபளப்புப் பக்கம் மாற்றி வைத்துவிட்டாள். மை காயாமல் விரலோடு வந்துவிட்டது. அதைக் கசக்கிப் போட்டுவிட்டு எனக்குப் போன் செய்தாள்.

"உங்க மெஷின் உங்களை மாதிரியே இருக்கு. ரெண்டு தட்டு தட்டினாத்தான் வேலை செய்யுது."

அதற்குப் பிறகு ஒழுங்காக ஓடியது. ஒரு படத்துக்கு ஒன்றரை நிமிடம். க்ர்ர்ர்... க்ர்ர்ர்... டக். வந்த படங்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் மேசையிலும் நாற்காலியிலும் தரையிலும் காயப்போட்டாள். ஒவ்வொன்றிலும் அக்காவைத் தேடினாள். இல்லை.

3:05. பிறந்தநாள் படம் வந்தது. குட்டி நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். என் மனைவிக்கு ஏதோ இடித்தது. கம்ப்யூட்டர் திரையில் அதே படத்தைத் திறந்தாள்.

திரையில் குட்டி குனிந்து மெழுகுவத்தியை ஊதிக்கொண்டிருந்தாள்.

கண் களைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு முகம் கழுவிவிட்டு வந்தாள்.

4:20. வெளியே மழை கட்டியது. கூடம் இருண்டது. விளக்கைப் போட்டாள். தரையில் காய்ந்த படங்களைக் குனிந்து பார்த்தாள்.

எல்லாப் படத்திலும் குட்டி நேராகப் பார்த்தாள். ஊஞ்சலில், பள்ளி வாசலில், யாரோ ஒருவர் தோளில்... எல்லாவற்றிலும்.

பிறந்த மூன்றாம் நாள் எடுத்த படம் ஒன்று. தொட்டிலில் தூங்கும் குழந்தை.

அதன் கண்கள் திறந்திருந்தன.

என் மனைவி கடவுள் பெயரைச் சொல்லிக்கொண்டே சோபாவுக்கு ஓடினாள். குட்டி தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். சீராக மூச்சு வந்தது. நெற்றித் துணியை நனைத்து மறுபடி போட்டாள்.

5:02. கடைசிப் படமும் வந்து விழுந்தது. 149. தாள் வைக்கும் தட்டு காலி. அக்கா ஒரு படத்திலும் இல்லை. பிரிண்டரை அணைக்கக் குனிந்தாள்.

கிளிக்.

பிரிண்டரின் சத்தம் அல்ல அது. பின்னாலிருந்து வந்தது...

"சித்தி..." குட்டி கண்ணைத் திறக்காமலே முனகினாள். "யாரு லைட் அடிச்சது? கண்ணு கூசுது."

க்ர்ர்ர்...

காலித் தட்டிலிருந்து பிரிண்டர் ஒரு தாளை இழுத்தது.

முதலில் விட்டத்து மின்விசிறி வந்தது. எங்கள் கூடத்து மின்விசிறி.

க்ர்ர்ர்... ஜன்னல் திரை. ஜன்னலுக்கு வெளியே மழை.

க்ர்ர்ர்... ஒரு பெண்ணின் பின்னந்தலை. கூந்தலில் பச்சை கிளிப்.

அவள் கை தன் தலைக்குப் போனது.

பச்சை கிளிப்.

க்ர்ர்ர்... பிரிண்டர் மேல் குனிந்த முதுகு. முன்னால் சோபா. குட்டி. நெற்றியில் ஈரத்துணி.

டக்.

திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அந்தப் பக்கம் அலமாரியும் சுவரும்தான். ஆள் நிற்க இடம் கிடையாது.

"அக்கா..." என்றாள். "நான் பாத்துக்கிறேன்க்கா."

வேறு சத்தம் வரவில்லை.

6:40-க்கு நான் வந்தபோது இருவரும் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். தரையில் கிடந்த படங்களைப் பார்த்தேன். தொட்டில் குழந்தை கண்ணை மூடித் தூங்கியது. எல்லாம் சரியாகவே இருந்தன. கடைசிப் படத்தை மட்டும் குட்டி மடியில் வைத்திருந்தாள். கம்ப்யூட்டரில் தேடினேன். அப்படி ஒரு படமே இல்லை.

"இதுலயும் உங்க அம்மா இல்லையேடா" என்றேன்.

குட்டி என்னைப் பாவமாகப் பார்த்தாள். "எடுக்கிறவங்க எப்படிச் சித்தப்பா போட்டோல வருவாங்க?" என்றாள். அம்மாவுக்குத் தன்னைப் பிடிக்காதா என்று அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. அன்பாக இருந்தவர்கள் கெடுதல் செய்ய வருவதில்லை என்று என் மனைவி சொல்வாள். நானும் அப்படித்தான் நம்புகிறேன்.

இரண்டு வாரம் கழித்துச் சகலை வந்தார். கேமராவையும் கொண்டுவந்தார். அக்கா போன மறுநாள் பேட்டரியையும் கார்டையும் கழற்றிவிட்டுக் கேமராவைப் பெட்டியில் வைத்துப் பூட்டியவர், அன்றுதான் முதல்முறையாக வெளியே எடுக்கிறார்.

அந்தக் கேமரா எடுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் வரிசையாக ஓர் எண் விழும். அக்கா கடைசியாக எடுத்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து, வாசலில் கையசைக்கும் குட்டியை. அதன் எண் 4117.

சகலை பேட்டரியையும் கார்டையும் போட்டு, மகளை நிற்க வைத்து ஒரு படம் எடுத்தார். எண்ணைப் பார்த்துவிட்டுக் கேமராவை என்னிடம் நீட்டினார்.

4119.